ஒப்புக்கொள்கிறேன்

எட்டு மாதத்தில் பதினோரு இன்டர்வியூ. பதினொன்றிலும் ஒரே கேள்வி, ஒரே பதில், ஒரே முடிவு.

"நீங்க இதுவரைக்கும் என்ன பண்ணியிருக்கீங்க?" என்று கேட்பார்கள்.

"நாங்க ரெண்டு ஸ்கூல், ஒரு பல் ஆஸ்பத்திரி, நாற்பது நாற்பத்தஞ்சு வீடு பண்ணியிருக்கோம் சார்" என்பாள் டிராயிங்கம்மா.

"சரி, அதுல நீங்க என்ன பண்ணினீங்க?"

அங்கேதான் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பத்தொன்பது வருடம் ஒரே இன்ஜினியரின் ஆபீஸில், கம்ப்யூட்டர் வருவதற்கு முன் பலகையிலும் வந்தபின் திரையிலுமாகக் கட்டடப் படம் வரைந்தவள் அவள். கொத்தனாரிலிருந்து டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் டிராயிங்கம்மா. ஆனால் வீடு கட்ட வருகிறவர் எதிரே உட்கார்ந்ததும் இன்ஜினியர் அவள் வரைந்த தாளை விரித்து, "நான் இந்த மாடிப்படியை இப்படித் திருப்பியிருக்கேன் பாருங்க" என்பார். அந்த மாடிப்படியை அவள் ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் உட்கார்ந்து திருப்பியிருப்பாள். அதற்காக அவளுக்குக் கோபம் வந்ததே இல்லை. கையெழுத்துப் போடுகிறவர் அவர், சட்டத்துக்குப் பதில் சொல்கிறவர் அவர், ‘நான்’ என்று சொல்ல அவருக்குத்தானே உரிமை என்று நினைத்தாள். இப்படி நினைக்கிறவர்கள் இருக்கும்வரை அப்படிச் சொல்கிறவர்களுக்கு என்ன குறை!

வேலை குறைந்ததும் முதலில் அவளைத்தான் நிறுத்தினார். "சொல்லி அனுப்பறேன்மா" என்றார். சொல்லி அனுப்புவதென்றால் என்ன அர்த்தம் என்று வேலை போன எல்லோருக்கும் தெரியும்.

வயது நாற்பத்தாறு. இன்னும் ஒரு வருடம் சும்மா இருந்தால் கை மறந்துவிடும், அதற்குள் மென்பொருளும் இரண்டு தடவை மாறிவிடும், பிறகு எந்த ஆபீஸும் வாசலிலேயே சேர்க்காது. பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடையில் ஆள் தேவை என்று அட்டை தொங்கியது. "அதுக்காவது போயிடவா?" என்று கணவரிடம் கேட்டாள். அவர் பஸ் டிப்போவில் டிக்கெட் மிஷின் ரிப்பேர் பார்ப்பவர். அதிகம் பேசமாட்டார். "நீ வரைஞ்சதை அடுத்தவன் ஜெராக்ஸ் எடுக்கணும். நீ போய் எடுக்கறதா?" என்றார். அதற்குமேல் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் அந்த அட்டை எடுக்கப்பட்டுவிட்டதா என்று தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

இந்த நிலையில்தான் தங்கை வந்து சேர்ந்தாள். கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற ஆபீஸில் வேலை. வாய் என்றால் வாய், அப்படியொரு வாய். ஆனால் அக்காவுக்கு ஒன்று என்றால் துடித்துப்போவாள்.

"இப்ப எல்லாரும் முதல்ல நெட்லதான்க்கா பார்க்கறாங்க. உன் பேர்ல ஒரு பக்கம் இல்லன்னா நீ பொறக்கவே இல்லன்னு அர்த்தம். பண்ணின வேலை, படம், உன்னைப் பத்தி நாலு பேர் சொன்ன நல்ல வார்த்தை, எல்லாத்தையும் ஒரே இடத்துல போடணும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்."

"எனக்கு அழத் தெரியலையேடி."

"அதுக்குத்தான் நான் வந்திருக்கேன். உனக்கும் சேர்த்து நான் அழறேன்."

இரண்டு பேரும் பஸ் ஏறிப் போய்க் கட்டடங்களைப் படம் பிடித்தார்கள். எல்லாவற்றிலும் எடுப்பாக இருந்தது பல் ஆஸ்பத்திரி போர்டிகோ. முன்பக்கம் தூணே கிடையாது. பன்னிரண்டடி நீளத்துக்குக் கான்கிரீட் பலகை ஒன்று சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நிற்கும். அதற்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வாட்ச்மேனைத் தங்கை எழுப்பினாள்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கங்க. படத்துல நீங்களும் வர்றீங்க."

"வந்தா என்னம்மா, நான் நல்லாத்தானே இருக்கேன்?" என்று சிரித்துக்கொண்டே அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். டிராயிங்கம்மா வரைந்தது என்று தெரிந்ததும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "வெயிலானாலும் மழையானாலும் இதுதாம்மா எனக்குக் குடை. நல்லா வரைஞ்சிருக்கீங்க" என்றார். பத்தொன்பது வருடத்தில் முகத்துக்கு நேராக ஒருவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அதை இரண்டு முறை சொல்லிக் காட்டித் தங்கையிடம் கேலி வாங்கிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு, சாப்பாட்டு மேசைமேல் லேப்டாப். அவள் எழுதி வைத்திருந்ததைத் தங்கை படித்தாள், படித்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"நாங்கள் வரைந்தோம், நாங்கள் கட்டினோம், நாங்கள் முடித்தோம். ஏன்க்கா, உன்னைக் கூப்பிடறவன் ஊரையேவா வேலைக்கு எடுப்பான்? யார் இந்த நாங்கள்? பட்டியல் கொடு, எல்லாருக்கும் சேர்த்து நாற்காலி போடச் சொல்றேன்."

"தனியா நான் எதைடி பண்ணினேன்?"

"எல்லாத்தையும் நீதான் பண்ணினே. சொல்லத்தான் தெரியல."

தங்கை இரண்டு விசையைத் தட்டினாள். பக்கம் முழுக்க இருந்த ‘நாங்கள்’ எல்லாம் ஒரே நொடியில் ‘நான்’ ஆகிவிட்டது. ஆனால் வினைமுற்று மாறவில்லை. ‘நான் வரைந்தோம்’, ‘நான் கட்டினோம்’ என்று வரிசையாக நின்றன. அந்தப் பக்கம் வந்த கணவர் எட்டிப் பார்த்து, "என்ன இது, ஒத்தை ஆள் கும்பலா வந்த மாதிரி இருக்கு?" என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள். பிறகு அவளே உட்கார்ந்து ஒவ்வொரு ‘ஓம்’-ஐயும் அழித்து ‘ஏன்’ போட்டாள். முப்பத்துநாலு இடம். முதல் பத்துக்குக் கை கூசியது. இருபதுக்குமேல் பழகிவிட்டது. கடைசியில் கொஞ்சம் ருசிக்கவே ஆரம்பித்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

போர்டிகோ படத்துக்குக் கீழே மட்டும் தயங்கினாள். ‘நான் கணக்கிட்டேன், நான் வடிவமைத்தேன், நான் வரைந்தேன்.’

"கணக்கு சார் போட்டதுடி."

"அவர் போடறப்ப நீ பக்கத்துல இருந்தியா?"

"இருந்தேன்."

"கால்குலேட்டர் யார் கைல இருந்துச்சு?"

"என் கைலதான். அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன்."

"அப்புறம் என்ன? தட்டினவதான் கணக்குப் போட்டவ. மேல போ."

அந்தப் பக்கத்தில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. கூட வேலை பார்த்தவர் யாராவது நம்மைப் பற்றி எழுதினால் அங்கே வரும். அது இல்லாவிட்டால் பக்கம் மொட்டையாகத் தெரியும் என்றாள் தங்கை. இன்ஜினியருக்கு வேண்டுகோள் அனுப்பினார்கள். பதில் இல்லை. ஒரு மாதம் கழித்து அவளே ஃபோன் செய்தாள். "பார்க்கறேன்மா" என்றார். இரண்டாம் மாதமும் போனது. நாலு வரி எழுத மனம் வராத மனிதருக்குப் பத்தொன்பது வருடம் உழைத்தோமே என்று அவளுக்கு அழுகையாக வந்தது. அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. வேலைக்கென்று ஒரு அழைப்பும் வரவில்லை.

ஒரு புதன்கிழமை முற்பகல். அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது ஃபோன் மணி அடித்தது. ஈரக்கையோடு எடுத்துப் பார்த்தாள். ‘உங்களைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார்’ என்றிருந்தது. இன்ஜினியர்!

‘இந்த அம்மையார் என் அலுவலகத்தில் பத்தொன்பது ஆண்டுகள் பணியாற்றினார். இவருக்கு இணையான திறமைசாலியை நான் கண்டதில்லை. குறிப்பாகப் பல் மருத்துவமனையின் தூணில்லா போர்டிகோ முழுக்க முழுக்க இவருடைய சிந்தனை, இவருடைய கணக்கு, இவருடைய வரைபடம். இவர் மேல் வைத்த நம்பிக்கையில் நான் கையெழுத்து மட்டுமே இட்டேன்.’

படித்தாள். திரும்பப் படித்தாள். கண் மறைத்தது. மனிதர் மனதுக்குள் எல்லாவற்றையும் வைத்திருந்திருக்கிறார், வெளியே சொல்லத் தெரியாத சுபாவம், நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கீழே இரண்டு பட்டன் இருந்தன. ஒன்றில் ‘ஒப்புக்கொள்கிறேன்’, இன்னொன்றில் ‘வேண்டாம்’. யாராவது வேண்டாம் என்பார்களா? ஈரக்கையை நைட்டியில் துடைத்துவிட்டு ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதை அழுத்தினாள்.

கணவருக்கு ஃபோனில் படித்துக் காட்டினாள். கணக்கு அவளுடையது என்று இன்ஜினியர் எழுதியிருந்தது கொஞ்சம் அதிகப்படிதான், ஆனால் பாராட்டுகிறவர்கள் கூட்டித்தானே சொல்வார்கள். பிற்பகல் மூன்று மணிக்குப் பெரிய கட்டுமானக் கம்பெனி ஒன்றிலிருந்து ஒரு பெண் பேசினாள். பக்கத்தைப் பார்த்தார்களாம். சீனியர் டிராஃப்ட்ஸ்மேன் வேலையாம், வெள்ளிக்கிழமை வர முடியுமா என்று கேட்டாள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. தங்கைக்குச் சொன்னாள், எதிர்வீட்டுக்குச் சொன்னாள், ஜெராக்ஸ் கடை அட்டையைப் பார்த்து மனதுக்குள் போய் வா என்றாள்.

ஐந்தரை மணிக்குக் கணவர் வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"பல் ஆஸ்பத்திரி போர்டிகோ விழுந்துடுச்சு."

"என்ன?"

"காலையில. ஏழே முக்காலுக்கு. டிப்போவுல எல்லாரும் பேசிக்கறாங்க. ஆஸ்பத்திரி திறக்கறதுக்கு முன்னால. வாட்ச்மேன் கீழ உட்கார்ந்திருந்தாராம்."

அந்த நேரத்தில் அவள் நினைத்தது இன்ஜினியரை அல்ல, பாராட்டை அல்ல, வெள்ளிக்கிழமையை அல்ல. ஒரு ஃபோனை. போர்டிகோ படத்தை முடித்துக்கொண்டிருந்த அன்று இன்ஜினியர் சைட்டிலிருந்து பேசினார். "கம்பிக்குக் கம்பி நாலு அங்குலம் இடைவெளி போட்டிருக்கோம்ல, அதை ஆறாக்கிடும்மா. ஓனர் கம்பிச் செலவைப் பார்த்துட்டுக் குதிக்கறார்." "சரி சார்" என்றாள். நாலை அழித்து ஆறு போட்டாள். ஐந்து நொடி வேலை.

தங்கை ஃபோனில் கத்தினாள். "அக்கா, அந்தப் பக்கத்தை இப்பவே எடு! அவர் எத்தனை மணிக்கு எழுதியிருக்கார் பாரு. பதினொண்ணு முப்பத்தஞ்சு. விழுந்தது தெரிஞ்சப்புறம்தான் உட்கார்ந்து எழுதியிருக்கார் அந்த மனுஷன்! ரெண்டு மாசமா கெஞ்சினோமே, வராத பாராட்டு இன்னிக்கு ஏன் வந்துச்சுன்னு நமக்குத் தோணலையேக்கா!"

கணவர் ஃபோனை வாங்கினார். "எடுக்கக் கூடாது. எடுத்தா ஒளிச்ச மாதிரி ஆயிடும்" என்றார். எடுக்கவா வேண்டாமா என்று அவர்கள் சண்டை போட்டு முடிப்பதற்குள் மறுநாள் காலையில் விசாரணை அதிகாரியின் ஆணை வந்துவிட்டது. விசாரணை முடியும்வரை பக்கத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. வியாழன் மதியம் கம்பெனிப் பெண் பேசினாள். வெள்ளிக்கிழமை வர வேண்டாம், சொல்லி அனுப்புகிறோம் என்றாள்.

ஆள் வராத பக்கத்துக்கு இப்போது ஆயிரக்கணக்கில் வந்து பார்த்தார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்று எதிர்வீட்டில் பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்தது. தங்கை ஒரு வாரம் அவள் முகத்தைப் பார்க்கவே வரவில்லை. வந்தபோது வாய் செத்துப் போயிருந்தது. "என்னாலதானேக்கா" என்று ஆரம்பித்தாள். "சும்மா இருடி, எழுதினது என் கை" என்று அடக்கினாள் அக்கா.

பத்தாம் நாள் விசாரணை. நீள மேசை, மின்விசிறி, நடுவில் விசாரணை அதிகாரி, ஓரத்தில் எழுதிக்கொள்ள ஒரு எழுத்தர். இன்ஜினியர் வெள்ளைச் சட்டையில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும், "வாம்மா, நல்லா இருக்கியா?" என்றார். பழக்கதோஷம், அவளும் "நல்லா இருக்கேன் சார்" என்றாள்.

அதிகாரி அவள் பக்கத்தைத் தாளில் அச்செடுத்து வைத்திருந்தார்.

"நான் கணக்கிட்டேன், நான் வடிவமைத்தேன், நான் வரைந்தேன். இது நீங்க எழுதினதாம்மா?"

"ஆமா சார். ஆனா கணக்கு அவர் போட்டது. நான் படம்தான் வரைஞ்சேன்."

"அப்ப இதுல எழுதியிருக்கறது பொய்?"

"வேலை கிடைக்கணும்னு எழுதினது சார்."

"பொய்யா, இல்லையா?"

"பொய்தான் சார்."

"கீழ அவர் எழுதியிருக்கார். அதுக்கு அடியில என்ன இருக்கு? படிங்க."

"‘உரியவர் ஒப்புக்கொண்டார். பதினொன்று நாற்பது.’"

"நீங்கதானே ஒப்புக்கிட்டது?"

"சார், அது பாராட்டு. பாராட்டைத்தான் ஒப்புக்கிட்டேன். போர்டிகோ விழுந்தது அப்ப எனக்குத் தெரியவே தெரியாது."

அதிகாரி இன்ஜினியர் பக்கம் திரும்பினார். அவர் எழுந்து நின்றார். அவள் அறிந்து இத்தனை நிதானமாக, இத்தனை மரியாதையாக அவர் அவளைப் பற்றிப் பேசியதே இல்லை. என் ஆபீஸுக்கே முதுகெலும்பு அந்த அம்மாதான் என்றார். எல்லாப் படமும் அவங்கதான், மாடிப்படி திருப்பினதிலிருந்து எல்லாம் அவங்க யோசனைதான், நான் நம்பிக் கையெழுத்துப் போட்டேன், நம்பினது தப்புன்னா அந்தத் தண்டனையை ஏத்துக்கறேன் என்றார். அடப்பாவி! பத்தொன்பது வருடம் வாய் திறக்காதவர், ஒரு ஆள் செத்த பிறகு திறந்தார். அதிலும் பாதி உண்மை. அதுதான் கொடுமை.

"ஆறு அங்குலம் போடச் சொல்லி நீங்க ஃபோன் பண்ணலையா சார்?" என்று அவள் நேராக அவரையே கேட்டாள்.

"நானா? எப்பம்மா?" என்றார், உண்மையிலேயே யோசிப்பவரைப் போல.

ஃபோனில் பேசியதற்கு அத்தாட்சி இல்லை. தாளில் இருந்ததெல்லாம் அவருடைய கையெழுத்தும் அவளுடைய படமும்தான். "பக்கத்துல எழுதினது பொய்னு நீங்களே சொல்றீங்க. இப்ப சொல்றதை மட்டும் எப்படிம்மா நம்பறது?" என்றார் அதிகாரி. கேள்வி நியாயமானதுதான். வெளியே காத்திருக்கச் சொன்னார்கள்.

தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் அவள் வயதொத்த ஒரு பெண் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையிலேயே யாரென்று தெரிந்துவிட்டது. வாட்ச்மேனின் மனைவி. டிராயிங்கம்மா நின்றபடியே இருந்தாள்.

"உட்காருங்க" என்றாள் அந்தப் பெண். "உங்களை எனக்குத் தெரியும். நெட்ல உங்க பக்கத்துல ஃபோட்டோ இருக்கே. என் தம்பி ஃபோன்ல எடுத்துக் கொடுத்தான். முழுசா படிச்சேன். ரெண்டு தடவை. உங்களைப் பத்தி நல்லாத்தான் எழுதியிருக்காங்க."

டிராயிங்கம்மா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்கணும். திட்டறதுக்கு இல்ல. அது விழும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். விழும் என்று தெரியாது, அது உண்மைதான். அதோடு நிறுத்தியிருந்தால் யாரும் ஒன்றும் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பெண் கத்தவில்லை, அழவில்லை, பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அப்படிக் காத்திருக்கிறவளிடம் பாதியைச் சொல்ல அவளால் முடியவில்லை.

"விழும்னு தெரியாது. ஆனா கம்பியை ஆறு அங்குலத்துக்கு ஒண்ணா மாத்துன்னு சார் சொன்ன உடனே எனக்கு உறுத்திச்சு. முன்னால தூண் இல்லாத பலகைக்கு அது பத்தாது. அத்தனை வருஷம் வரைஞ்ச கைக்கு அது தெரியும்."

"அப்ப அவர்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல. சரி சார்னு சொன்னேன்."

அந்தப் பெண் பையின் பிடியை முறுக்கினாள். "இதை உள்ள சொன்னீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

ஏன் என்றால்? அதைச் சொன்னால் எந்த ஆபீஸும் இனி அவள் கையில் ஒரு பென்சிலைக்கூடக் கொடுக்காது. சொல்லாவிட்டால் என்றைக்காவது, எங்காவது, ஒரு சின்ன ஆபீஸில், யாராவது இரக்கப்பட்டு ஒரு நாற்காலி போடலாம். உள்ளே இருந்த அரை மணி நேரமும் அவள் அந்த நாற்காலியைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அதை இந்தப் பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது? வெட்கமாக இருந்தது. தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எழுந்தாள். கதவைத் தட்டாமலேயே தள்ளினாள்.

"கூப்பிடலையேம்மா" என்றார் அதிகாரி. இன்ஜினியர் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு விட்டுப்போச்சு சார். எழுதிக்கங்க. அவர் ஃபோன் பண்ணினது நிஜம். நீங்க நம்பினாலும் சரி, நம்பாட்டியும் சரி. ஆனா ஆறு அங்குலம் பத்தாதுன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் மாத்தினேன். எதிர்த்துக் கேட்டா வேலையை விட்டு நிறுத்திடுவாரோன்னு பயந்து கேட்கல."

இன்ஜினியர் கோப்பையை மேசைமேல் வைத்தார். எழுத்தர் பேனாவை எடுத்து வரி வரியாக எழுதினார். எழுதி முடித்ததும் தேதி சரியாக வேண்டும் என்பதற்காக, "அந்த வேலை எப்பம்மா போச்சு?" என்று கேட்டார்.

"அதுக்கு நாலு மாசம் கழிச்சு" என்றாள். எழுத்தர் அதையும் எழுதிக்கொண்டார்.